133 நாள் ஆட்சி, 39 ஆண்டு காத்திருப்பு: கயானாவின் செட்டி ஜகன்

1990 ஜூன் மாதம். நியூயார்க்கில் 'தி நேஷன்' வார இதழ் ஒரு மதிய விருந்துக்கு ஏற்பாடு செய்திருந்தது. அதில் கலந்துகொண்ட இரண்டு முதியவர்களுக்கும் வயது 72. ஒருவர் ஆர்தர் ஷ்லெசிங்கர். அமெரிக்காவின் புகழ்பெற்ற வரலாற்றாசிரியர். கென்னடி அதிபராக இருந்தபோது வெள்ளை மாளிகையில் அவருக்கு ஆலோசகராக இருந்தவர். இன்னொருவர் செட்டி ஜகன். கயானா நாட்டின் எதிர்க்கட்சித் தலைவர், தொழிலால் பல் மருத்துவர். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஜகனுக்குப் பெரிய அநீதி இழைக்கப்பட்டது, அதில் தனக்கும் பங்கு உண்டு, அதற்காக வருந்துகிறேன் என்று அந்த விருந்தில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார் ஷ்லெசிங்கர்.

வல்லரசின் உள்வட்டத்தில் இருந்த ஒருவர், தன் அரசு கவிழ்த்த தலைவரிடம் நேருக்கு நேர் வருத்தம் தெரிவிப்பது அபூர்வம். ஆனால் ஜகன் ஒருவரிடம் வருந்தினால் தீர்கிற கணக்கா அது? ஜகன் பதவியை இழந்தார், பிற்காலத்தில் அதைத் திரும்பப் பெற்றார். கயானா மக்கள் இழந்தது இன்றுவரை திரும்பவில்லை. ஆப்பிரிக்க வம்சாவளியினரும் இந்திய வம்சாவளியினரும் தோளோடு தோள் நின்று ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்ட அரசியல் அங்கே ஒரு காலத்தில் இருந்தது. அது ஆட்சியில் இருந்தது 133 நாள்.

தென் அமெரிக்கக் கண்டத்தின் வடக்கு விளிம்பில் இருந்தாலும் கயானா கரீபிய நாடுதான். ஆங்கிலம் பேசும், கிரிக்கெட் ஆடும் நாடு. கரீபிய நாடுகளின் கூட்டமைப்பான கரிகாமின் தலைமையகமே அதன் தலைநகர் ஜார்ஜ்டவுனில்தான் இருக்கிறது. மக்களில் பெரும்பாலோர் வாழும் கடற்கரைப் பட்டை, கடல் பொங்கும் நேரத்தில் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். டச்சுக்காரர்கள் காலத்தில் கரை கட்டி, மதகு வைத்து, வாய்க்கால் வெட்டி மீட்ட நிலம் அது. அந்த மண்ணை வெட்டிச் சுமந்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று 1838-லிருந்து 1917 வரை இந்தியாவிலிருந்து சுமார் 2,39,000 பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகம் வழியாகப் போன போஜ்புரி, அவதி பேசும் மக்கள். சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. அப்படிப் போன தமிழரையும் தெலுங்கரையும் அங்கே 'மதராசி' என்றார்கள். பெர்பீஸ் பகுதியில் அவர்கள் கொண்டுபோன காளியம்மன் வழிபாடு இன்றும் நடக்கிறது.

கங்காணியின் மூத்த மகன்

அந்தப் பெர்பீஸில், போர்ட் மோரன்ட் என்ற கரும்புத் தோட்டத்தில் 1918 மார்ச் 22 அன்று ஜகன் பிறந்தார். உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்திலிருந்து 1901-ல் கப்பலில் வந்த குடும்பங்கள் அவருடைய தாய் வீடும் தந்தை வீடும். பெற்றோர் இருவருமே கைக்குழந்தைப் பருவத்தில் தாயோடு வந்தவர்கள். இருவரும் சிறு வயதிலேயே கரும்பு வயலில் இறங்கினார்கள். தந்தை உழைத்து மேலே வந்து, கரும்பு வெட்டும் கூட்டத்தை மேய்க்கும் கங்காணி ஆனார். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர் செட்டி.

தோட்டத்து வாழ்க்கையை அவர் பின்னாளில் தன் 'மேற்கின் மீது விசாரணை' நூலில் விரிவாக எழுதினார். ஒரு பக்கம் துரையின் மாளிகை, அதைச் சுற்றி வெள்ளை அதிகாரிகளின் வீடுகள், மின் விளக்கு. இன்னொரு பக்கம் அடிமைகள் காலத்து லயங்களில் கூலிக் குடும்பங்கள். துரை ஒருவர் சொல்வதே அங்கே சட்டம். இலங்கை மலையகத்தையோ மலேயா ரப்பர் தோட்டங்களையோ அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மூத்த மகன் தோட்டத்தைவிட்டு வெளியேறியாக வேண்டும் என்பதில் பெற்றோர் உறுதியாக இருந்தார்கள். தலைநகரின் குயின்ஸ் கல்லூரியில் மூன்றாண்டு படிக்கவைத்தார்கள். 1936-ல் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு, பிறகு சிகாகோ அருகே நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம். விடுமுறையில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் தெருவில் பொருள் விற்றார், லிஃப்ட் இயக்கினார். கருப்பினத்தவர் படிக்கும் ஹோவர்டில் படித்ததும் ஹார்லெமில் பிழைத்ததும் அவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தன. கரும்புத் தோட்டத்தில் தான் கண்டது தன் இனத்துக்கு மட்டும் நேர்ந்த அவமானம் அல்ல என்பது அங்கேதான் அவருக்கு உறைத்தது. அமெரிக்கா அவரைப் பல் மருத்துவராக ஆக்கியதைவிட இது முக்கியம்.

சிகாகோவில் செவிலியர் பயிற்சியில் இருந்த ஜேனட் ரோசன்பர்க்கைச் சந்தித்தார். யூதக் குடும்பத்துப் பெண், இடதுசாரிச் சிந்தனை உள்ளவர். 1943 ஆகஸ்டில் திருமணம். இரு வீட்டிலும் கடும் எதிர்ப்பு. அந்த ஆண்டு இறுதிக்குள் இருவரும் ஜார்ஜ்டவுனில் இருந்தார்கள். கணவர் பல் மருத்துவமனை திறந்தார். மனைவி அங்கே உதவியாளர். ஜேனட்டை 'ஜகனின் மனைவி' என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது அநியாயம். கட்சி கட்டியது, பத்திரிகை நடத்தியது, ஊர் ஊராகப் பெண்களைத் திரட்டியது எல்லாவற்றிலும் பாதிக்கு மேல் அவர் உழைப்பு.

என்மோர்

1946-ல் ஜகன் தம்பதி, ஆஷ்டன் சேஸ், ஜோஸ்லின் ஹப்பர்ட் நால்வரும் சேர்ந்து அரசியல் விவகாரக் குழு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு சிறு செய்தி ஏடு, அதைச் சுற்றி வாசகர் வட்டம், அவ்வளவுதான். 1947 தேர்தலில் ஜகன் சுயேச்சையாக நின்று சட்டமன்றத்துக்குள் போனார். சொத்தும் வருமானமும் உள்ளவர்களுக்கே அப்போது ஓட்டுரிமை. சபையில் அவர் தனி ஆள். சர்க்கரைக் கம்பெனிகளின் கணக்கைக் கிளறிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரைத் தலைவராக்கியது 1948 ஜூன் 16. அதற்குச் சில வாரம் முன்பு கிழக்குக் கரைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் ஆரம்பித்திருந்தது. காரணம் வெளியே இருப்பவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். முன்பெல்லாம் கரும்பு வெட்டுபவர் வெட்டி அங்கேயே போட்டுவிட்டுப் போவார். ஏற்றுவது வேறு ஆளின் வேலை. புதிய முறையில் வெட்டியவரே கட்டுக் கட்டி, தலையில் சுமந்து, சேற்று வரப்பில் நடந்து, வாய்க்காலில் நிற்கும் இரும்புப் படகில் ஏற்ற வேண்டும். வெயிலில் காலை முழுக்க வெட்டிய பிறகு இந்தச் சுமை. முதுகு ஒடிந்துவிடும். தொழிலாளர்கள் மறுத்தார்கள். என்மோர் ஆலைக்கு முன் திரண்ட கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டது. ஐந்து பேர் இறந்தார்கள். எல்லோரும் இந்திய வம்சாவளித் தொழிலாளர்கள்.

மறுநாள் சவ ஊர்வலம் என்மோரிலிருந்து தலைநகர் வரை ஏறத்தாழ 16 மைல் நடந்தது. ஜகனும் ஜேனட்டும் முன்னால் நடந்தார்கள். வழியெல்லாம் ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள். லெ ரிப்பென்டிர் இடுகாட்டில் அந்த ஐவரின் குழி அருகே நின்று, அந்நிய ஆட்சியையும் சுரண்டலையும் ஒழிக்கும்வரை ஓயமாட்டேன் என்று மனதுக்குள் உறுதி எடுத்துக்கொண்டதாக ஜகன் எழுதியிருக்கிறார். ஒரு பல் மருத்துவர் முழுநேரப் போராளி ஆனது அந்த இடுகாட்டில்தான்.

ஒன்றாக நின்ற ஆண்டு

1950 ஜனவரி 1 அன்று மக்கள் முற்போக்குக் கட்சி பிறந்தது. தலைவர் ஜகன், பொதுச் செயலாளர் ஜேனட். கட்சியின் சேர்மனாக வந்தவர் லண்டனில் சட்டம் படித்துவிட்டுத் திரும்பிய ஃபோர்ப்ஸ் பர்னாம். ஆப்பிரிக்க வம்சாவளியினர், வாய் திறந்தால் கூட்டம் கட்டுண்டுபோகும் பேச்சாளர். ஜகன் தோட்டத்து மக்களின் நம்பிக்கையைக் கொண்டுவந்தார். பர்னாம் நகரத்தின், அரசு அலுவலகங்களின், துறைமுகத்தின் மக்களைக் கொண்டுவந்தார். கவிஞர் மார்ட்டின் கார்ட்டர், ஆசிரியர் சிட்னி கிங் போன்ற இளைஞர்கள் இரு தரப்புக்கும் பாலமாக இருந்தார்கள்.

1953 ஏப்ரல் 27 அன்று வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டுரிமை தந்து நடந்த முதல் தேர்தலில் 24 இடங்களில் 18-ஐ இந்தக் கட்சி வென்றது. ஜகன் அவை முன்னவர், விவசாயமும் நிலமும் அவர் பொறுப்பு. பர்னாம் கல்வி அமைச்சர். ஜேனட் துணை சபாநாயகர். அவர்கள் கொண்டுவந்த சட்டங்களைப் பார்த்தால் இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியும். எந்தச் சங்கத்தைத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் விரும்புகிறார்களோ அதை முதலாளி அங்கீகரிக்க வேண்டும் என்றது ஒரு மசோதா. அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் காலத்திலேயே இருந்த சட்டத்தின் சாயல் அது. ஆனால் சர்க்கரை முதலாளிகளுக்கு அதுவே நெஞ்சுவலி. பனிப்போர் காலம் வேறு.

லண்டனில் பிரதமர் சர்ச்சில். கம்யூனிஸ்ட் சதி, தலைநகரை எரிக்கத் திட்டம் என்று காரணம் சொல்லி அக்டோபரில் போர்க்கப்பல்களில் படையை அனுப்பினார்கள். அக்டோபர் 9 அன்று அரசியல் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது, அமைச்சர்கள் நீக்கப்பட்டார்கள். வந்திறங்கிய சிப்பாய்கள் பார்த்தது அமைதியான ஊரை. எந்தக் கட்டடமும் எரியவில்லை, எந்தக் கலவரமும் இல்லை. ஓட்டுப் போட்டு ஐந்தரை மாதம்கூட ஆகவில்லை.

ஜகனும் பர்னாமும் லண்டனுக்குப் போய் வாதாடினார்கள். அங்கே எதிர்க்கட்சியான தொழிற்கட்சியும் கைவிட்டது. இருவரும் இந்தியாவுக்கு வந்து நேருவைச் சந்தித்தார்கள். ஊர் திரும்பிய பின், வசிக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது என்ற தடையை மீறியதற்காக 1954-ல் ஜகனுக்கு ஆறு மாதக் கடுங்காவல். ஜேனட்டும் சிறைக்குப் போனார். மார்ட்டின் கார்ட்டர் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார். அந்த நாட்களின் கவிதைகள் அவரைக் கரீபியனின் பெருங்கவிஞர்களில் ஒருவராக்கின.

இருவரும் தோளோடு தோள் நின்று பயணம் செய்த அந்தச் சில மாதங்களை நினைத்தால் மனம் கனக்கிறது. 1955-ல் கட்சி உடைந்தது.

யார் உடைத்தது?

பிரிட்டன்தான் உடைத்தது என்று சொல்லிவிட்டால் எளிது. ஜகனை விரும்பாத லண்டன், மிதவாதியாகத் தெரிந்த பர்னாமைத் தட்டிக்கொடுத்தது உண்மை. பர்னாமுக்குத் தலைமைப் பதவி மீது ஆரம்பத்திலிருந்தே கண் என்பதும் உண்மை. 1953 வெற்றி கையில் கிடைத்த வாரத்திலேயே தன்னைத் தலைவராக்க வேண்டும் என்று முரண்டு பிடித்தவர் அவர். ஆனாலும் ஜகன் பங்கை மறைக்கக் கூடாது. 1956 கட்சி மாநாட்டில் அவர் பேசிய பேச்சு, தீவிர இடதுசாரிகள் கட்சியைக் கெடுத்ததாகக் குற்றம் சாட்டியது. அந்தப் பேச்சுக்குப் பிறகு வெளியேறியவர்கள் சிட்னி கிங், மார்ட்டின் கார்ட்டர், ரோரி வெஸ்ட்மாஸ். பர்னாமோடு போகாமல் ஜகனோடு நின்ற கருப்பின, கலப்பினத் தோழர்கள் இவர்கள். இவர்களும் போன பிறகு கட்சியின் முகம் மாறியது. மேற்கிந்தியக் கூட்டரசில் சேர்வதா என்ற விவாதத்திலும், சேர்ந்தால் கருப்பினப் பெரும்பான்மைக்குள் கரைந்துவிடுவோம் என்று அஞ்சிய இந்திய வாக்காளர்களின் மனநிலைக்கு அவர் இடம் கொடுத்தார்.

1957 தேர்தலில் இரண்டு அணிகளாக நின்றார்கள். 14 இடங்களில் ஜகன் அணிக்கு 9, பர்னாம் அணிக்கு 3. கிராமங்களில் 'அபன் ஜாத்', அதாவது நம்ம ஆளுக்கே ஓட்டு என்ற பேச்சு காதோடு காதாகப் பரவியது. அதை ஜகன் மேடையில் ஒருபோதும் சொன்னவர் அல்ல. ஆனால் அந்த அலையில் வென்றவர் அவர்தான். வர்க்கம் என்ற ஒற்றைக் கண்ணாடி வழியாகவே எல்லாவற்றையும் பார்த்தவருக்கு, இனம் எவ்வளவு ஆழமாக ஓடுகிறது என்பது நேரத்தில் தெரியாமல் போனது. அவருடைய அரசியலின் மிகப் பெரிய தவறு இதுதான் என்பது என் துணிபு. வாஷிங்டனும் லண்டனும் பின்னர் கத்தி செருகியது ஏற்கெனவே விழுந்திருந்த இந்த விரிசலில்தான்.

வெள்ளை மாளிகை வாசலில்

1961 ஆகஸ்ட் தேர்தலில் ஜகன் கட்சி 35-க்கு 20 இடங்கள் பெற்றது. ஓட்டு 42.6 சதவீதம். பர்னாமின் கட்சி சுமார் 41 சதவீதம் பெற்றும் கிடைத்தது 11 இடம்தான். பீர் தொழிலதிபர் பீட்டர் டி'அகியாரின் ஐக்கிய சக்தி கட்சிக்கு 4. ஜகன் முதல் பிரீமியர் ஆனார். விடுதலை தரவேண்டியது மட்டுமே பாக்கி.

அந்த அக்டோபரில் உதவி கேட்டு அமெரிக்கா போனார். போன இடத்தில் 'மீட் தி பிரஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உட்கார்ந்தார். நீங்கள் கம்யூனிஸ்டா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். 'இல்லை' என்று ஒற்றைச் சொல்லில் முடித்திருந்தால் போதும். அவர் சோஷலிசம் என்றால் என்ன என்று வகுப்பெடுத்தார். அக்டோபர் 25 அன்று கென்னடியைச் சந்தித்தபோது அந்தப் பேட்டி அறைக்குள் அவருக்கு முன்பாகவே வந்து உட்கார்ந்திருந்தது. கைநிறைய உதவி கேட்டுப் போனவர், நிபுணர் குழு அனுப்புகிறோம் என்ற வாக்குறுதியோடு திரும்பினார். கியூபாவின் பிக்ஸ் வளைகுடாவில் அமெரிக்கா காஸ்ட்ரோவிடம் மூக்குடைபட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தென் அமெரிக்க மண்ணில் இன்னொரு கியூபா வரக் கூடாது என்பது கென்னடிக்குத் தேர்தல் பிழைப்பு சார்ந்த பயமாகவும் இருந்தது.

பிறகு நடந்தவை அமெரிக்க அரசின் ஆவணங்களிலேயே இருக்கின்றன. 1962 ஜனவரியில் ஜகன் ஒரு பட்ஜெட் போட்டார். கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டோர் வகுத்துக் கொடுத்தது. இந்தியாவுக்கு 1956-ல் சொத்து வரி யோசனை தந்த அதே கால்டோர். சொத்து வரி, மூலதன ஆதாய வரி, மாதம் நூறு டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு ஐந்து சதவீதக் கட்டாயச் சேமிப்பு. ஏழைகளைத் தொடாத பட்ஜெட். ஆனால் மாதச் சம்பளக்காரர்கள் பெரும்பாலும் நகரத்துக் கருப்பின மக்கள். அவர்களுடைய சம்பளத்தில் கைவைப்பதாகப் பிரச்சாரம் செய்வது எதிர்க்கட்சிகளுக்குச் சுலபமாக இருந்தது. பிப்ரவரி 16 அன்று மர வீடுகளால் ஆன ஜார்ஜ்டவுனின் வணிகப் பகுதி எரிந்தது. 1953-ல் ஜகன் எரிப்பார் என்று சொல்லிப் படை அனுப்பினார்கள். 1962-ல் எரித்தது ஜகனின் எதிரிகளின் கூட்டம்.

1963-ல் பழைய தொழிலாளர் மசோதாவை மீண்டும் கொண்டுவந்ததும் 80 நாள் பொது வேலைநிறுத்தம். கடை இல்லை, கப்பல் இல்லை, பெட்ரோல் இல்லை. சம்பளம் இல்லாத தொழிலாளிகள் இரண்டரை மாதம் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதற்கு விடை பின்னாளில் வெளிவந்தது. அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் வழியாக சிஐஏ பணம் பாய்ந்திருந்தது.

அந்த அக்டோபரில் லண்டன் மாநாடு. மூன்று தலைவர்களுக்கும் ஒத்துவரவில்லை. பிரிட்டனே முடிவு செய்யட்டும் என்ற கடிதத்தில் மூவரும் கையெழுத்திட்டார்கள். ஜகனும் கையெழுத்திட்டார். பத்தாண்டுகளுக்கு முன் தன்னைப் படை அனுப்பி இறக்கிய அதே அரசை அவர் எப்படி நம்பினார் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. காலனிகள் அமைச்சர் டங்கன் சாண்டிஸ், ஜகன் கேட்ட எதையும் தராமல், விகிதாச்சாரப் பிரதிநிதித்துவ முறையை அறிவித்தார். தொகுதிவாரியாக வெல்லும் ஜகனை வீழ்த்த அந்த ஒரு மாற்றம் போதும்.

1964 அந்நாட்டின் இருண்ட ஆண்டு. சர்க்கரைத் தோட்டங்களில் நீண்ட வேலைநிறுத்தம். மார்ச் 6 அன்று லியோனோரா தோட்டத்தில் மறியல் செய்து உட்கார்ந்திருந்த பெண்கள் மீது டிராக்டர் ஏறியது. கவுசில்லா என்ற தொழிலாளி இறந்தார். அதிலிருந்து பழிக்குப் பழி. மே மாதம் விஸ்மாரில் இந்திய வீடுகள் எரிக்கப்பட்டன, பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். ஜூலையில் கருப்பினப் பயணிகளை ஏற்றிச் சென்ற சன் சாப்மன் படகில் குண்டு வெடித்தது. அந்த ஆண்டின் வன்முறையில் மொத்தம் 170-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு தங்கள் இனத்தார் கிராமங்களைத் தேடிப் போனார்கள். ஒன்றாக இருந்த ஊர்கள் இரண்டாகின.

டிசம்பர் 7 தேர்தலில் ஜகன் முன்பைவிட அதிக ஓட்டு வாங்கினார்: 45.8 சதவீதம், 53-ல் 24 இடம். பர்னாமும் டி'அகியாரும் கைகோத்து ஆட்சி அமைத்தார்கள். ஜகன் விலக மறுத்தார். லண்டன் சட்டத்தையே திருத்தி அவரை இறக்கியது. 1966 மே 26 அன்று விடுதலைக் கொடியை ஏற்றிய பிரதமர் பர்னாம்.

திருடப்பட்ட பெட்டிகள்

அடுத்த 28 ஆண்டு எதிர்க்கட்சி வரிசை. 1968 தேர்தலில் வெளிநாட்டில் வாழ்வோர் ஓட்டு என்று ஒரு பட்டியல் வந்தது. பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிருபர்கள் அந்த முகவரிகளைத் தேடிப் போனபோது, மான்செஸ்டரில் ஒரு முகவரியில் வெற்று நிலத்தில் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. 1973-ல் ராணுவம் ஓட்டுப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனது. பெட்டியோடு கூடவே போவோம் என்று நின்ற ஜகன் கட்சி இளைஞர்கள் இருவர் கொரன்டைன் பகுதியின் 64-ஆம் எண் கிராமத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1980, 1985 தேர்தல்களும் அப்படியே. 1980-ல் வரலாற்றாசிரியர் வால்டர் ராட்னி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். இரு இனத்து இளைஞர்களையும் மறுபடி ஒரே மேடைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தவர் அவர்.

ஜகனை இடித்துரைக்க இந்தக் காலத்திலும் காரணம் உண்டு. 1969-ல் மாஸ்கோ மாநாட்டுக்குப் போய்க் கட்சியை வெளிப்படையாக சோவியத் முகாமில் சேர்த்தார். வாஷிங்டன் பர்னாமின் மோசடிகளைக் கண்டும் காணாமல் இருக்க அதுவே போதுமானதாக இருந்தது. பர்னாம் பாக்சைட்டையும் சர்க்கரையையும் தேசியமயமாக்கத் தொடங்கியதும், 1975-ல் அவருக்கு 'விமர்சனத்தோடு கூடிய ஆதரவு' என்றார். தன் தொண்டர்களைச் சுட்டவர்களுக்கு இரண்டே ஆண்டில் ஆதரவா என்று கட்சிக்காரர்கள் கேட்டிருப்பார்கள். கொள்கை கண்ணை மறைத்த தருணம் அது.

அதே மனிதர் ஆயுதம் எடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நான்கு தேர்தல் அப்பட்டமாகத் திருடப்பட்ட நாட்டில், தோட்டத் தொழிலாளர்கள் பின்னால் நிற்க, வன்முறைக்கு எல்லாக் காரணமும் இருந்தும் அவர் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார், நாடாளுமன்றத்தில் பேசினார், துண்டறிக்கை எழுதினார். ஐந்தாம் முறையும் தேர்தலில் நிற்கத் தயாரானார். சிலியின் அயெண்டே, கிரெனடாவின் மாரிஸ் பிஷப் என்று இடதுசாரித் தலைவர்கள் பிணமாகிக்கொண்டிருந்த கண்டத்தில் இந்தப் பொறுமை கோழைத்தனம் அல்ல.

நாடு மட்டும் தேய்ந்துகொண்டே போனது. அந்நியச் செலாவணி இல்லை என்று 1980-களின் தொடக்கத்தில் கோதுமை மாவு இறக்குமதிக்கே தடை. ரொட்டி தட்டும் இந்திய வீடுகளிலும் பிரெட் சுடும் கருப்பின வீடுகளிலும் அரிசி மாவைப் பிசைந்தார்கள். மாவு கடத்தியவர்கள் சிறை போனார்கள். முடிந்தவர்கள் டொரண்டோவுக்கும் நியூயார்க்குக்கும் விமானம் ஏறினார்கள்.

அக்டோபர் 9

1985-ல் பர்னாம் இறந்தார். சோவியத் யூனியன் சரிந்தது. ஜகனைக் கண்டு அஞ்ச அமெரிக்காவுக்கு இனிக் காரணம் இல்லை. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் தலையிட்டு, ஓட்டுகளை வாக்குச் சாவடியிலேயே எண்ணவேண்டும் என்பது உள்பட நேர்மையான தேர்தலுக்கான விதிகளை அடுத்த அதிபர் டெஸ்மண்ட் ஹோய்ட்டை ஏற்கவைத்தார். 1992 அக்டோபர் 5 வாக்குப்பதிவு அன்று தேர்தல் ஆணையக் கட்டடத்தைக் கும்பல் தாக்கியது. கார்ட்டர் அங்கேயே இருந்து எண்ணிக்கை நிற்காமல் பார்த்துக்கொண்டார். ஜகன் கூட்டணிக்கு 53 சதவீதத்துக்கு மேல். அக்டோபர் 9 அன்று அவர் அதிபராகப் பதவியேற்றார். சர்ச்சில் அரசு அவரை நீக்கிய அதே தேதி. நடுவில் 39 ஆண்டு.

74 வயதில் கைக்கு வந்தது, சுமார் 210 கோடி டாலர் வெளிநாட்டுக் கடன் உள்ள ஏழை நாடு. பாக்சைட் தொழிலில் இருந்துவந்த கருப்பினப் பொறியாளர் சாம் ஹைண்ட்ஸைப் பிரதமராக வைத்துக்கொண்டார். பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் வாய்க்கால்களையும் சீர்செய்யத் தொடங்கினார். கடன் தள்ளுபடிக்காக உலக அரங்குகளில் ஓயாமல் வாதாடினார். 1996-ல் பாரிஸ் கிளப் நாடுகள் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தன. 1963-ல் அவர் தொடங்கிய கயானா பல்கலைக்கழகத்தை 'ஜகனின் இரவுப் பள்ளி' என்று அன்று கேலி செய்தார்கள். நாட்டை நடத்தும் ஆட்களில் பெரும்பாலோரை உருவாக்கியது அந்தப் பள்ளிதான்.

1994-ல் ஒரு விசித்திரம். கயானாவுக்கான தூதராக வில்லியம் டோஹர்ட்டியை நியமிக்க அமெரிக்கா யோசித்தது. 1960-களின் தொழிற்சங்க நடவடிக்கையில் பங்கிருந்த நிறுவனத்தை நடத்தியவர் அவர். நடந்ததை மறந்துவிட்டீர்களா என்று ஜகன் கேட்டதும் பெயர் கைவிடப்பட்டது. அந்தக் காலத்துக் கோப்புகளைத் திறக்க வாஷிங்டன் அப்போதும் தயங்கியது.

1997 பிப்ரவரியில் மாரடைப்பு. அமெரிக்க ராணுவ விமானத்தில் வாஷிங்டனின் வால்டர் ரீட் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மார்ச் 6 அன்று காலமானார். உடல் தலைநகரிலிருந்து கரையோரச் சாலை வழியாக அவர் பிறந்த போர்ட் மோரன்டுக்குப் போனது. பாபு ஜான் என்ற இடத்தில் தகனம். வழிநெடுக நின்ற கூட்டத்தில் இரு இனத்தாரும் இருந்தார்கள். ஆனால் அந்த ஆண்டு டிசம்பரில் ஜேனட் அதிபர் தேர்தலில் வென்றதும் ஜார்ஜ்டவுன் தெருக்களில் மீண்டும் மோதல். 1999-ல் உடல்நலம் காரணமாக அவர் விலகினார், 2009-ல் இறந்தார்.

ஜகனின் வழியில் வளர்ந்தவர்களில் ஒருவர் மோசஸ் வீராசாமி நாகமுத்து. பெர்பீஸின் விம் கிராமத்து மதராசிக் குடும்பத்துப் பிள்ளை. ஜகன் கட்சியில் பல பத்தாண்டு உழைத்தவர். ஜகன் மறைவுக்குப் பின் கட்சி ஒரே இனத்தின் கோட்டையாகச் சுருங்கிவிட்டது என்று சொல்லி 2011-ல் வெளியேறினார். 2015-ல் பர்னாம் மரபில் வந்த டேவிட் கிரேஞ்சரோடு கூட்டணி சேர்ந்து பிரதமரானார். சில ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் கிடைத்த வெற்றி. 1953 திரும்பி வருகிறது என்று பலர் நம்பினார்கள்.

அந்தத் தேர்தல் நடந்த அதே மாதம் கடலடியில் எக்ஸான் நிறுவனம் எண்ணெய் கண்டுபிடித்ததை அறிவித்தது. 2018 டிசம்பரில் ஒரே ஓட்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது. 2020 மார்ச் 2 அன்று தேர்தல். ஜார்ஜ்டவுனை உள்ளடக்கிய நான்காம் வட்டாரத்தின் எண்ணிக்கையில் தில்லுமுல்லு நடப்பதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. கரிகாம் பார்வையாளர்கள் முன்னிலையில் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து மறுபடி எண்ணினார்கள். வழக்குகள் நாட்டின் எல்லையைத் தாண்டி கரீபிய நீதிமன்றம் வரை போயின. ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்ட் 2 அன்று ஜகன் கட்சியின் இர்ஃபான் அலி அதிபராகப் பதவியேற்றார். அந்த முடிவுகளைக் கிராமவாரியாகப் பார்த்தால், 1964-ல் மூட்டை கட்டியவர்கள் எந்தெந்த ஊரில் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை இன்றும் படித்துவிடலாம்.